மார்புக்கூட்டைத் திறந்த மருத்துவர்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வயிற்றைத் திறந்து சிகிச்சை செய்யும் துணிவு அறுவை மருத்துவர்களுக்கு வந்துவிட்டது. ஆனால், மார்பைத் தொட அவர்கள் அஞ்சினர். மார்புக்கூட்டைத் திறந்தால் வெளிக்காற்று உள்ளே புகும், நுரையீரல் சுருங்கும், நோயாளி மூச்சுத் திணறி இறப்பார். இந்தத் தடையைக் கடக்க வழிகண்டவர் ஜெர்மானிய மருத்துவர் ஃபெர்டினாண்ட் சாவர்புரூக்.

1875-ஆம் ஆண்டு பார்மன் நகரில் பிறந்த அவர், இளவயதிலேயே தந்தையை இழந்தார். காலணி தைக்கும் தொழில் செய்த பாட்டனாரின் வீட்டில் வளர்ந்தார். மருத்துவம் பயின்று, 1903-இல் பிரெஸ்லௌ நகரில் புகழ்பெற்ற மருத்துவர் மிக்குலிட்ஸிடம் உதவியாளராகச் சேர்ந்தார். காற்றழுத்தம் குறைக்கப்பட்ட ஓர் அறைக்குள் நோயாளியின் உடலும் மருத்துவர்களும் இருக்க, நோயாளியின் தலை மட்டும் வெளியே இருந்தால் நுரையீரல் சுருங்காது என்று அவர் கண்டறிந்தார். விலங்குகளிடம் சோதித்த அந்த முறையை 1904-இல் உலகுக்கு அறிவித்தார். பின்னாளில் மூச்சுக்குழாய் வழியே காற்றைச் செலுத்தும் எளிய முறை அந்த அறையின் இடத்தைப் பிடித்தது. எனினும், மார்பைத் திறக்க முடியும் என்ற நம்பிக்கையை விதைத்தது அந்த அறைதான்.

1910-இல் சூரிச் நகரில் பேராசிரியரானார். அங்கு 1913-இல் அவரிடம் வந்த 18 வயது இளைஞருக்குப் பிறவியிலேயே மார்பு உட்குழிந்திருந்தது. விலா எலும்புகளை மார்பெலும்புடன் இணைக்கும் குருத்தெலும்புகள் முறைதவறி வளர்வதால் மார்பெலும்பு உள்நோக்கி அமிழ்வதே இக்குறைபாடு. அது இதயத்தை அழுத்த, அந்த இளைஞர் மூச்சிரைப்பால் வேலை செய்ய இயலாமல் தவித்தார். சாவர்புரூக் இடப்பக்கக் குருத்தெலும்புகளையும் மார்பெலும்பின் ஒரு பகுதியையும் அகற்றினார். அந்த இளைஞர் பின்னர் நாள் முழுதும் களைப்பின்றி உழைக்கும் நிலைக்கு வந்தார். வெறும் தோற்றக் குறையாகக் கருதப்பட்ட ஒன்று, திருத்தத்தக்க நோய் என்பதற்கு அது சான்றாயிற்று.

முதல் உலகப் போரில் கையிழந்த வீரர்களுக்காக, எஞ்சிய தசைகளால் இயங்கும் செயற்கைக் கையை உருவாக்கினார். 1928-இல் பெர்லின் ஷாரிட்டே மருத்துவமனைக்கு வந்தபோது அவர் ஐரோப்பாவின் பெரும்புகழ் வாய்ந்த அறுவை மருத்துவர்.

அந்தப் புகழில் கறையும் படிந்தது. ஹிட்லர் ஆட்சியில் பட்டங்களையும் பரிசையும் ஏற்றார். ஆட்சியின் ஆராய்ச்சி மன்றத்தில் மருத்துவப் பிரிவின் தலைவராக இருந்தார். அந்த மன்றம் வதைமுகாம்களோடு தொடர்புடைய ஆய்வுகளுக்கும் நிதி அளித்தது. மறுபுறம், நோயாளிகளைக் கொல்லும் அரசின் திட்டத்தை எதிர்த்தார். ஹிட்லர் எதிர்ப்பாளர்கள் சிலருடன் நட்பும் கொண்டிருந்தார். அவருடைய தலைமாணவர் ருடால்ஃப் நிசன், யூதர் என்பதால் 1933-இல் நாட்டைவிட்டு வெளியேறினார். ஆசிரியர் பெர்லினிலேயே உயர்பதவியில் நீடித்தார்.

இறுதி ஆண்டுகள் இன்னும் துயரமானவை. முதுமை மறதி அவரைப் பற்றியது. ஆயினும் அவர் கத்தியைக் கீழே வைக்கவில்லை. தவறுகள் நேர்ந்தன, நோயாளிகள் இறந்தனர். உடனிருந்தோர் அவரது பெயருக்கு அஞ்சி நெடுநாள் மௌனம் காத்தனர். 1949-இன் இறுதியில்தான் பதவி விலகவைக்கப்பட்டார். அதன் பிறகும் வீட்டில் சிகிச்சை செய்தார். 1951 ஜூலை 2-ஆம் தேதி காலமானார்.

1949-இல் அமெரிக்க மருத்துவர் ராவிட்ச் குழிந்த மார்புக்கான அறுவை சிகிச்சையைச் செம்மைப்படுத்தினார். குருத்தெலும்பை வெட்டாமல், வளைந்த உலோகத் தகட்டால் மார்பெலும்பை உயர்த்தும் முறையை 1998-இல் நஸ் வெளியிட்டார். சி.டி. ஸ்கேனில் மார்பின் உள் அகலத்தை, மார்பெலும்புக்கும் முதுகெலும்புக்கும் இடையிலான தூரத்தால் வகுத்துக் கிடைக்கும் எண் இப்போது குழிவின் அளவாகிறது. இயல்பான மார்பில் அது ஏறக்குறைய 2.5; 3.25-ஐத் தாண்டினால் அறுவை சிகிச்சை குறித்து ஆலோசிக்கப்படுகிறது.

நோயாளியின் மார்பை அளப்பதில் காட்டும் கண்டிப்பை, அதைத் திருத்தும் கையின் உறுதியை அளப்பதிலும் காட்ட வேண்டும். மூத்தவர் என்பதற்காக வாய்மூடி நிற்பது மரியாதை ஆகாது. அந்த மௌனத்தின் விலையை நோயாளிகளே கொடுக்க நேர்கிறது.