மகன் தலையில் மின்சாரம் தேடியவர்

வலிப்பு வந்தவங்களுக்குத் தலையில் ஒயர் ஒட்டி இ.இ.ஜி. எடுப்பாங்களே, அதை மனிதருக்கு முதன்முதலில் எடுத்தவர் ஹான்ஸ் பெர்கர். 1873இல் ஜெர்மனியில் பிறந்தார்.

வாலிப வயதில் ராணுவப் பயிற்சியில் இருந்தபோது குதிரையிலிருந்து விழுந்தார். பீரங்கி வண்டி ஏறியிருக்கும், மயிரிழையில் தப்பினார். அன்று சாயங்காலமே அப்பாவிடமிருந்து தந்தி. தம்பிக்கு ஏதோ ஆபத்துன்னு வீட்டிலிருந்த அக்கா பயந்ததால் அனுப்பினாங்களாம். மனசில் நினைப்பது இன்னொருவருக்கு எப்படிப் போச்சுன்னு யோசிச்சு யோசிச்சே அவர் டாக்டருக்குப் படித்தார். (எனக்கென்னவோ அது தற்செயல்தான்னு தோணுது. ஆனா அதனால்தானே இவ்வளவும் நடந்தது!)

விலங்கு மூளையில் மின்சாரம் உண்டுன்னு 1875லேயே ரிச்சர்டு கேட்டன் சொல்லிவிட்டார். மனித மூளையில்? ஜெனா நகர மனநல மருத்துவமனையில் வேலை பார்த்த பெர்கர், 1924இல் மண்டையோட்டில் ஆபரேஷன் செய்திருந்த 17 வயதுப் பையனிடம் கால்வனாமீட்டரை இணைத்துப் பார்த்தார். லேசான அசைவு தெரிந்தது.

வேற யாராவதா இருந்தா உடனே பேப்பரில் போட்டிருப்பாங்க. இவர் ஐந்து வருஷம் வெளியிடவே இல்லை! அந்த மின்சாரம் ஒரு வோல்ட்டைப் பத்து லட்சமாகப் பங்கு போட்டால் சில பத்துப் பங்குதான். அது மூளையுடையதா, இதயத் துடிப்பா, தலைத் தசை அசைவதா? சந்தேகம் தீரவில்லை. அதனால் மகன் கிளாவுஸை உட்கார வைத்து மறுபடி மறுபடி எடுத்தார். தன் தலையிலும் எடுத்தார். இதயத் துடிப்பையும் கூடவே பதிந்து ஒப்பிட்டார். கண்ணை மூடினால் வினாடிக்குப் பத்து அலை வருது. கண்ணைத் திறந்தாலோ மனக்கணக்குப் போட்டாலோ அது அடங்கிடுது. அதே ஆள், அதே தலை, மாறியது அவர் செய்யும் காரியம் மட்டும்தான்.

இதில் ஒரு கணக்கு இருக்கு. ஆளுக்கு ஆள் மூளை வேறு. ஒரே ஆளுக்கும் நாளுக்கு நாள் கொஞ்சம் மாறும். எல்லாத்தையும் கூட்டிச் சராசரி போட்டால் இந்த இரண்டும் கலந்துடும். இப்போது ஒரே பிள்ளைகளை வருஷா வருஷம் ஸ்கேன் செய்து, ஞாபகத் தேர்வு மார்க்கையும் சேர்த்து ஆராய்பவர்கள், ஆளுக்கு ஆள் உள்ள வித்தியாசத்தையும் ஒரே ஆளுக்குள் வரும் மாற்றத்தையும் புள்ளியியலில் தனித்தனியா பிரிக்கிறாங்க. இல்லாட்டி தப்பா முடிவு வந்துடும்.

1929இல் வெளியிட்டார். பலர் நம்பவில்லை. 1934இல் இங்கிலாந்தில் நோபல் பரிசு பெற்ற ஏட்ரியன் தன் தலையிலேயே சோதித்து, சரிதான்னு காட்டினார். அதற்கு அப்புறம்தான் உலகம் ஒத்துக்கொண்டது.

ஒன்றை மறைக்காமல் எழுதணும். நாஜிகளுக்கு ஆகாதவர்னுதான் பழைய புத்தகங்களில் போட்டிருந்தது. ஆனா, குழந்தை பெறக் கூடாதுன்னு நோயாளிகளுக்குக் கட்டாய ஆபரேஷன் செய்ய உத்தரவிட்ட நாஜி நீதிமன்றத்தில் அவரும் உட்கார்ந்திருந்தார்னு பிறகு ஆவணங்களில் தெரிந்தது. மகனுக்கு அத்தனை தடவை சோதித்தவர், அங்கே வந்தவர்களைப் பற்றி எத்தனை தடவை யோசித்தாரோ!

1938இல் ஓய்வு பெற்றார். மனச்சோர்வு நோயால் 1941 ஜூன் 1இல் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார்.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி