ஹியூகோ குரோஷியஸ்

ஹாலந்து தேசத்து டெல்ஃப்ட் நகரில் 1583-ஆம் ஆண்டு பிறந்த ஹியூகோ குரோஷியஸ் என்னும் பேரறிஞரின் சரிதத்தை ஈண்டுச் சுருக்கி வரைகின்றோம். பதினோராம் வயதிலேயே லெய்டன் சர்வகலாசாலை புகுந்த இவர், மதமும் அரசியலும் கலந்த பூசலிற் சிக்கி 1619-இல் ஆயுட்சிறை விதிக்கப்பெற்றார். 1621-இல் மனைவியார் மரியாவின் யுக்தியால் புத்தகப் பெட்டியுள் ஒளிந்து தப்பிப் பாரிஸ் நகரடைந்தார்.

முப்பதாண்டு யுத்தம் ஐரோப்பாவைப் பாழாக்கிய காலம் அது. அற்ப காரணத்திற்கும் வாளெடுத்த கிறிஸ்தவ அரசரைக் கண்டு நொந்து, 1625-இல் யுத்த சமாதான நீதியை லத்தீன் நூலாக வெளியிட்டார். தற்காப்பு, உடைமை மீட்பு, குற்றத்திற்குத் தண்டனை ஆகிய நியாயமின்றிப் போர் தொடுத்தல் அநீதி என்பது அவர் துணிபு.

1645-இல் அவர் ரோஸ்டாக் நகரில் காலமானார். முந்நூறாண்டு கழித்து, 1945-இல் எழுந்த ஐக்கிய நாடுகளின் சாசனம், தற்காப்பும் பாதுகாப்புச் சபையின் அனுமதியும் ஒழிந்த பிற போர்களை விலக்கிற்று. அவ்வரம்பு இன்றும் மீறப்படுதல் கண்டு வருந்தும் நாம், காரணம் கேட்கும் கடமையையேனும் கைவிடாதிருப்போமாக.