எலும்பின் இழை கண்ட இராமச்சந்திரன்

திருப்பூரை அடுத்த வீரபாண்டி பின்னலாடைத் தொழிலால் வாழும் ஊர்களுள் ஒன்று. அங்குள்ள தையற்கூடம் ஒன்றனுள் சென்று, ஆடையின் ஓரம் அடிக்கப் பயன்படும் தையல் நூலின் நுனியைப் பற்றி, அதன் முறுக்கை மெல்லப் பிரித்துப் பாருங்கள். ஒற்றை இழையெனக் கண்ணுக்குத் தோன்றிய நூல் இரண்டாகவோ மூன்றாகவோ பிரியும். பிரிந்த இழை ஒவ்வொன்றும் ஒரு பக்கமாக முறுக்கேறியிருக்கும். அவை சேர்ந்தமைந்த நூலோ அதற்கு எதிர்ப்பக்கமாக முறுக்கேறியிருக்கும். இழையின் முறுக்கும் நூலின் முறுக்கும் ஒன்றையொன்று அவிழவிடாமல் பற்றிக்கொள்வதனாலேயே நூல் எளிதில் பிரிவதில்லை. நம் எலும்பினுள்ளும் இவ்வாறே எதிரெதிராக முறுக்கேறிய மூவிழை நூல் ஒன்று உண்டு. அதன் அமைப்பை உலகுக்கு எடுத்துக்காட்டியவர் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக விளங்கிய ஜி. என். இராமச்சந்திரன் ஆவார்.

எலும்பைக் கல்லை ஒத்த பொருளென எண்ணுவோர் பலர். அதன் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு கால்சியமும் பாஸ்பரசும் சேர்ந்த உப்பு என்பது உண்மையே. ஆயினும் கோழி எலும்பு ஒன்றைச் சில நாள் காடியில் ஊறவைத்தால், உப்புக் கரைந்து போக, எலும்பு ரப்பரைப் போல வளையும். அவ்வாறு வளையும் பொருளின் பெரும்பகுதி கொலாஜன் என்னும் புரதமாகும். உப்பு மட்டும் இருந்தால் எலும்பு சுண்ணாம்புக் கட்டியைப் போல உதிர்ந்துவிடும். கொலாஜன் மட்டும் இருந்தால் நாம் நிமிர்ந்து நிற்றல் இயலாது. தோலிலும் தசைநாண்களிலும் இப்புரதமே நிறைந்துள்ளது.

இராமச்சந்திரன் 1922-ஆம் ஆண்டு அக்டோபர் 8-ஆம் நாள் எர்ணாகுளத்தில் பிறந்தார். தந்தையார் நாராயண ஐயர் அவ்வூர் மகாராஜா கல்லூரியில் கணிதப் பேராசிரியராக இருந்தவர். ஆதலின் கணிதப் பற்று மைந்தருக்கு வீட்டிலேயே வாய்த்தது. திருச்சிராப்பள்ளி தூய வளனார் கல்லூரியில் இயற்பியல் பயின்று, 1942-இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தை அடைந்தார். அங்கு அவர் சேர்ந்தது மின்பொறியியல் துறை. ஆனால் சர் சி. வி. இராமன் அவ்விளைஞரின் கூர்மதியைக் கண்டு, அவரைத் தம் இயற்பியல் துறைக்கே அழைத்துக்கொண்டார். பின்னர்க் கேம்பிரிட்ஜ் சென்று, 1949-இல் ஆராய்ச்சிப் பட்டத்துடன் அவர் தாயகம் திரும்பினார்.

1952-ஆம் ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் டாக்டர் ஏ. இலட்சுமணசாமி முதலியார், இயற்பியல் துறைக்குத் தலைவர் ஒருவரைத் தேடினார். இராமன் தம் மாணவரையே பரிந்துரைத்தார். அப்போது இராமச்சந்திரனுக்கு வயது ஏறத்தாழ முப்பதுதான். கிண்டியில் அவர் எக்ஸ் கதிர் ஆய்வுக்கூடம் ஒன்றை நிறுவினார். எதனை ஆராய்வது என அவர் சிந்தித்துக்கொண்டிருந்த வேளையில், இங்கிலாந்து நாட்டு அறிஞர் ஜே. டி. பெர்னல் சென்னைக்கு வந்தார். கொலாஜனின் அமைப்பைப் பற்றி அதுகாறும் வெளிவந்த விளக்கங்களுள் ஒன்றும் நிறைவாக இல்லை என்று அவர் தெரிவித்தார். இராமச்சந்திரனுக்கு அதுவே போதுமானதாயிற்று.

அவரும் கோபிநாத் கர்த்தா என்னும் உடனாய்வாளரும் பணியைத் தொடங்கினர். கங்காருவின் வால் தசைநாணை எக்ஸ் கதிரில் வைத்துப் படம் எடுத்தனர். கொலாஜனில் உள்ள அமினோ அமிலங்களுள் மூன்றில் ஒன்று கிளைசின் என்பது அவர்கள் சிந்தனைக்கு வழிகாட்டியது. அமினோ அமிலங்கள் யாவற்றினும் மிகச் சிறியது கிளைசின். மூன்று சங்கிலிகள் ஒன்றையொன்று நெருங்கி நிற்குமாயின், நடுவிலுள்ள இடுக்கில் அமரத்தக்கது அச்சிறு பொருள் ஒன்றே. எனவே ஒவ்வொரு சங்கிலியிலும் மூன்றாம் இடந்தோறும் கிளைசின் வரவேண்டும் என அவர்கள் முடிவு செய்தனர். 1954-இல் நேச்சர் என்னும் இலண்டன் இதழில் அவர்களுடைய மூவிழை அமைப்பு வெளிவந்தது. முதலில் அவர்கள் மூன்று சுருள்களையும் நேராகவே நிறுத்தியிருந்தனர். பிறகு, நிலவு பூமியைச் சுற்றுங்கால் ஒரே முகத்தைக் காட்டிக்கொண்டே சுற்றுவதை எண்ணிப்பார்த்து, கிளைசின் எப்போதும் உட்புறம் நோக்குமாறு மூன்றையும் ஒன்றோடொன்று முறுக்கி, 1955-இல் திருத்திய அமைப்பை வெளியிட்டனர். ஒவ்வொரு சங்கிலியும் இடப்பக்கமாகச் சுருள, மூன்றும் சேர்ந்து வலப்பக்கமாக முறுக்கிக்கொள்ளும். நாம் முதலிற் பிரித்துப் பார்த்த தையல் நூலின் அமைப்பும் இத்தகையதே அன்றோ!

அக்கிளைசின் எத்துணை இன்றியமையாதது என்பதை நோய் ஒன்று புலப்படுத்துகிறது. சிலருக்குப் பிறவியிலேயே, கொலாஜனில் ஒரே ஓர் இடத்தில் கிளைசினுக்குப் பதிலாக அதனினும் பெரிய அமினோ அமிலம் அமைந்துவிடுகிறது. மூவிழை அவ்விடத்தில் ஒழுங்காக முறுக்கிக்கொள்வதில்லை. அத்தகைய குழந்தைகளின் எலும்புகள் சிறு அதிர்ச்சிக்கும் முறிந்துபோகின்றன.

சென்னையின் புகழ் பரவிய அவ்வாண்டிலேயே எதிர்ப்பும் எழுந்தது. கேம்பிரிட்ஜில் இருந்த ரிச்சும் கிரிக்கும் அமைப்பு ஒன்றை வெளியிட்டு, சென்னை அமைப்பில் சில அணுக்கள் வரம்புக்கு மீறி நெருங்கி நிற்பதாகக் குறை கூறினர். கிரிக் என்பவர் டி. என். ஏ.யின் இரட்டைச் சுருளைக் கண்டவருள் ஒருவர். அவர் சொல்லை உலகம் எளிதில் ஏற்கும். இராமச்சந்திரன் உள்ளம் நொந்தார். ஆனால் சொற்போரோடு அவர் நின்றுவிடவில்லை. அணுக்கள் ஒன்றையொன்று எவ்வளவு தொலைவு வரை நெருங்கலாம்? இதற்கு விடை காண, அதுவரை வெளிவந்த படிக ஆய்வுகளை எல்லாம் திரட்டி அளவெடுக்கத் தொடங்கினார். அக்குறை கூறப்படாதிருந்தால் அவருடைய தலைசிறந்த கண்டுபிடிப்பு தோன்றியிருக்குமோ என்பது ஐயமே.

புரதச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியிலும் திரும்பக்கூடிய மூட்டுகள் இரண்டு உண்டு. அவை எந்தெந்தக் கோணத்தில் திரும்பினால் அணுக்கள் மோதாதிருக்கும் என்பதை, இராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகிய மாணவர்களுடன் சேர்ந்து கணக்கிட்டார். பெருங்கணிப்பொறிகள் கைக்கு எட்டாத காலம் அது. மேசைக் கணக்குப்பொறியைக் கொண்டே நெடுங்கணக்குகள் போடப்பட்டன. 1963-இல் வெளிவந்த அக்கோணப் படம் இராமச்சந்திரன் படம் என்றே உலகெங்கும் வழங்குகிறது. இன்றும் புதிதாக ஒரு புரதத்தின் அமைப்பைக் காண்போர், தம் முடிவு சரிதானா என அப்படத்தில் இட்டுச் சோதிக்கின்றனர். கொலாஜனைப் பொறுத்தவரை, இழைகளை நேரே இணைக்கும் ஹைட்ரஜன் பிணைப்பு மூன்று கண்ணிகளுக்கு ஒன்றே என்பதில் கேம்பிரிட்ஜார் கூறியதே சரியாயிற்று. மூன்று இழைகளின் முறுக்கோ கிண்டியிற் கண்டவாறே நிலைபெற்றது.

இம்முறையை அவர் குழுவினர் சர்க்கரைச் சங்கிலிகளுக்கும் பயன்படுத்தினர். சர்க்கரை என்றவுடன் இனிப்பை நினைக்க வேண்டா. வீரபாண்டியின் பருத்தி நூலும் வேதியியல் நோக்கில் ஆயிரக்கணக்கான குளுக்கோஸ் கண்ணிகள் கோத்த சங்கிலியே. அரிசி மாவிலும் குளுக்கோஸ் கண்ணிகளே உள்ளன. கண்ணிகளைக் கோக்கும் முறை வேறுபடுவதால் ஒன்று உணவாகிறது, மற்றொன்று உடையாகிறது. இறால், நண்டு ஆகியவற்றின் ஓட்டில் உள்ள கைட்டின் பருத்திக்கு நெருங்கிய உறவுடையது. கைட்டினின் அமைப்பையும் இராமச்சந்திரன் 1960-களின் தொடக்கத்தில் ஆராய்ந்தார்.

புரதத்தையும் சர்க்கரையையும் பற்றிய இவ்வறிவு இன்று எலும்பைச் செப்பனிடும் முயற்சியில் ஒருங்கே பயன்படுகிறது. சிறு முறிவை எலும்பு தானே ஆற்றிக்கொள்ளும். விபத்தில் ஒரு பகுதி சிதைந்துபோனாலோ, கட்டியுடன் சேர்த்து அறுத்தெடுக்கப்பட்டாலோ அப்பெரிய இடைவெளி தானே நிரம்புவதில்லை. எலும்பை உண்டாக்கவல்ல உயிரணுக்கள் மச்சையில் இருப்பதைச் சோவியத் அறிஞர் பிரீடன்ஸ்டைன் 1960-களில் காட்டினார். குருத்தணுக்கள் எனப்படும் இவற்றை வெறும் இடைவெளியில் இட்டால் நில்லா. கட்டடம் எழுப்புவோர்க்குச் சாரம் வேண்டுவது போல, இவற்றிற்கும் பற்றி ஏறச் சாரம் வேண்டும். கொலாஜனோடு, கைட்டினிலிருந்து பெறும் கைட்டோசானையும் கலந்து, கடற்பஞ்சு போன்ற நுண்துளைச் சாரம் அமைக்க ஆய்வாளர் முயல்கின்றனர். ஹெப்பரான் சல்பேட் என்னும் வேறொரு சர்க்கரைச் சங்கிலி, வளர்ச்சியைத் தூண்டும் புரதங்களைப் பற்றி நிறுத்தும் இயல்புடையது. அதனையும் சாரத்தில் சேர்த்துப் பார்க்கின்றனர். எலும்பு வளர வளரச் சாரம் தானே கரைந்து மறைய வேண்டும். இவற்றுட் பெரும்பகுதி இன்னும் ஆய்வுக்கூட நிலையிலும் சோதனை நிலையிலுமே உள்ளது.

1971-இல் இராமச்சந்திரன் பெங்களூரில் மூலக்கூறு உயிர்இயற்பியல் பிரிவைத் தொடங்கினார். அதே ஆண்டில் இலட்சுமிநாராயணனுடன் சேர்ந்து, பல பக்கங்களிலிருந்து எடுத்த எக்ஸ் கதிர்ப் படங்களிலிருந்து உடலின் உட்புறத்தை முப்பரிமாணமாக அமைத்துக் காணும் விரைவான கணித வழியொன்றை வெளியிட்டார். முறிந்த எலும்பை மருத்துவர் சி. டி. படத்திற் காணும் முறைக்கு அத்தகைய கணிதமே அடிப்படை. 1977-இல் இலண்டன் ராயல் கழகம் அவரை உறுப்பினராக்கிற்று.

முதுமையில் நடுக்குவாத நோய் அவரை வருத்தியது. 1998-இல் துணைவியார் இராஜலட்சுமி அம்மையார் மறைந்தது அவருக்குப் பெருந்துயர் தந்தது. மறு ஆண்டு, படிகவியலில் உயர்ந்ததாகிய எவால்டு பரிசு அவரைத் தேடி வந்தது. 2001-ஆம் ஆண்டு ஏப்ரல் 7-ஆம் நாள் சென்னையில் அவர் காலமானார். தோலும் கொலாஜனால் ஆயதே ஆதலின், அடையாற்றில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் தன் அரங்குக்கு மூவிழைச் சுருளின் பெயரையே சூட்டியிருக்கிறது.