ஜோஜிலா ஏறிய தளபதி

கார்கில் என்றவுடன் 1999-ஆம் ஆண்டையும், தோலோலிங், டைகர் ஹில் என்னும் சிகரங்களையும் நாம் நினைக்கிறோம். அந்தச் சிகரங்கள் எந்த வழியைக் கீழே பார்த்துக்கொண்டு நிற்கின்றனவோ, அந்த வழியை 1948-ல் மீட்டுத் தந்தவர் ஒருவர் உண்டு. அவர்தாம் தளபதி திம்மய்யா.

குடகு நாட்டு மடிக்கேரியில் 1906-ல் பிறந்தவர். இளமையில் சில ஆண்டுகள் நம் நீலகிரிக் குன்னூரில் படித்தார் என்பது தமிழராகிய நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. பிறகு பெங்களூர், டேராடூன், இங்கிலாந்தின் சாண்ட்ஹர்ஸ்ட். 1926-ல் அதிகாரியானார். இரண்டாம் உலகப் போரில் பர்மாவின் அரக்கான் பகுதியில் ஒரு பட்டாளத்தை நடத்தினார். பின்னர் போர்முனையில் ஒரு பிரிகேடுக்கே தலைமை தாங்கினார். அன்று வேறெந்த இந்தியருக்கும் அப்பேறு கிட்டவில்லை.

1948 மே மாதம் காஷ்மீரில் ஒரு டிவிஷன் அவர் கைக்கு வந்தது. நிலைமையோ மோசம். கார்கிலும் திராசும் பகைவர் வசமாயின; ஜூலையில் ஜோஜிலாக் கணவாயும் போயிற்று. ஸ்ரீநகரிலிருந்து லே நகருக்குச் செல்லும் வாசல் அது. வாசல் அடைபட்டால் லடாக்கு தனித்தீவு. ஸ்கர்டுக் கோட்டையில் ஆறு மாதம் தாக்குப் பிடித்த நம் வீரர்கள், உதவிக்குச் சென்ற படை எட்ட முடியாமல், ஆகஸ்டு 14-ல் பணிய நேர்ந்தது. லேயும் அவ்வாறே ஆகிவிடக் கூடாதே என்ற கவலைதான் பின்னர் நடந்த அனைத்துக்கும் அடிப்படை.

அதற்கு முன்பே, மே 24-ல், மேகர் சிங் ஓட்டிய டகோட்டா விமானத்தில் லேக்குப் பறந்தார் திம்மய்யா. வரைபடமில்லாத மலைகள், அவசரமாகச் சமன் செய்த மண்தளம், அங்கே அதுவரை எந்த விமானமும் இறங்கியதில்லை. மற்றவரை அனுப்புமுன் தாமே போய்ப் பார்ப்பது அவர் இயல்பு.

செப்டம்பரில் காலாட்படை ஜோஜிலாவைத் தாக்கிற்று, தோற்றது. கணவாயின் இருபுறச் சிகரங்களிலும், பாறைக் குகைகளுக்குள்ளும் இயந்திரத் துப்பாக்கிகள். பீரங்கிக் குண்டு பாறையின்மேல் விழுமே தவிர, குகைக்குள் நுழையாது. மீண்டும் தாக்கியும் பயனில்லை. அதே வழியில் மூன்றாம் முறையும் ஆட்களைப் பலியிடத் திம்மய்யா விரும்பவில்லை. குகை வாய்க்கு நேரே சுடவல்லது டாங்கிதான் என்று முடிவு செய்தார். மேலதிகாரி கரியப்பாவும் இசைந்தார். இருவரும் குடகர்கள்!

பௌதிகம் பயிலும் எனக்கு இங்கேதான் மலைப்பு. 11,500 அடி உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறக்குறைய எழுபது சதவீதம். பிராணவாயு குறைந்தால் எஞ்சினின் வலுவும் குறையும். அந்த எஞ்சினை வைத்துக்கொண்டு பனியில் செங்குத்தாக ஏற வேண்டும். ஏறுவதற்குப் பாதை? பால்தாலிலிருந்து மேலே சென்றது வெறும் கோவேறு கழுதைத் தடம். அதை டாங்கி செல்லும் பாதையாக வெட்டியவர்கள் மதராஸ் சாப்பர்ஸ் என்னும் பொறியியற் படையினர். இராணுவம் முழுவதும் அவர்களைத் 'தம்பி' என்றே அழைக்கும். பகைவர் சுடும் எல்லைக்குள் பாறைக்கு வெடி வைத்துத் தகர்த்த அந்தத் தென்னாட்டு இளைஞர்களில் எத்தனை பேர் அதற்குமுன் பனியைக் கண்டிருப்பார்கள்? வடக்கே வந்த முதல் குளிர்காலத்தில் விடுதி அறையில் இரண்டு கம்பளிக்குள் நடுங்கிய நமக்கு அவர்கள் பாடு ஓரளவு விளங்கும்.

ஏழாம் குதிரைப்படையின் ஸ்டூவர்ட் டாங்கிகள், மேற்கூண்டைக் கழற்றி, மூடி மறைத்து, அக்னூரிலிருந்து இரகசியமாகக் கொண்டுவரப்பட்டன. வலுவற்ற பாலங்களையெல்லாம் அவை கடந்தாக வேண்டும். அக்டோபரில் பனிப்புயல் தாக்குதலை ஒத்திப்போட வைத்தது. நவம்பர் முதல் நாள் பிற்பகல், பனி பெய்துகொண்டிருக்கையிலேயே, டாங்கிகள் கணவாயில் ஏறின. டிவிஷன் தளபதி முன்னணி டாங்கிகளோடு சென்றார். அந்த உயரத்தில் டாங்கியை எதிர்பாராத பகைவர் குகைகளைக் கைவிட்டு ஓடினர். மாலைக்குள் கணவாய் நம் கையில். நவம்பர் நடுவில் திராசு, 24-ஆம் தேதிக்குள் கார்கில். லேயிலிருந்து வந்த படையும் வந்து கூடிற்று. 1949 பிறந்ததும் போர்நிறுத்தம். ஒரு மாதம் தாமதித்திருந்தால் பனி கணவாயை மூடியிருக்கும். லடாக்கின் கதை வேறாகியிருக்கும் என்றே எண்ணுகிறேன்.

பின்னாளில் கொரியாவில் போர்க்கைதிகளைப் பிரித்தனுப்பிய நடுநிலை நாடுகள் குழுவின் தலைவர். 1957 முதல் 1961 வரை தரைப்படைத் தலைமைத் தளபதி. 1959-ல் பாதுகாப்பு அமைச்சர் கிருஷ்ண மேனனோடு பிணங்கிப் பதவி விலகக் கடிதம் கொடுத்து, நேருவின் வேண்டுகோளால் திரும்பப் பெற்றார். அது தவறு என்பாரும் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. 1964-ல் சைப்பிரஸில் ஐக்கிய நாடுகளின் அமைதிப் படைக்குத் தலைமை ஏற்றார். 1965 டிசம்பர் 18-ல், அந்தப் பணியில் இருக்கும்போதே, மாரடைப்பால் அங்கேயே காலமானார்.