ஆலிமான பின்னும் மாணவர்

வடசென்னை இராயபுரத்தில் அடங்கியிருக்கும் குணங்குடி மஸ்தான் சாகிபு (ரஹ்) அவர்களின் பெயரைக் கேளாதவர் நம்மில் மிகச் சிலரே. மஸ்தான் என்னும் பாரசீகச் சொல்லுக்குப் பரவச மயக்கத்தில் மூழ்கியவர் என்பது கருத்து. இறைக்காதலில் தம்மை மறந்திருந்தமையால் மக்கள் அன்னாரை அவ்வாறு அழைத்தனர். இதனைக் கொண்டு, கல்வி ஏதுமின்றியே அவருக்கு ஞானம் வாய்த்துவிட்டதென எண்ணுவோர் உண்டு. ஓதுவதும் கற்பதும் எதற்கு, உள்ளம் ஒன்று போதாதா என்று தம் சோம்பலுக்கு அவரைச் சான்று காட்டுவோரும் உண்டு. அன்னாரின் வாழ்க்கையோ இதற்கு நேர்மாறானது.

இராமநாதபுரம் சீமையில் தொண்டிக்கு அருகிலுள்ள குணங்குடியில் 1792-ஆம் ஆண்டில் பிறந்த அவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் சுல்தான் அப்துல் காதிர். இளமையிலேயே திருக்குர்ஆனை ஓதி, மார்க்கக் கல்வியை முறையாகப் பயின்று, ஆலிம் என்னும் சிறப்பையும் பெற்றார். தாய்மாமன் தம் மகளை அவருக்கு மணமுடிக்க விரும்பினார். ஊரில் மதிப்பும், உறவில் பெண்ணும், கற்ற கல்வியால் வாழ்க்கைக்கு வழியும் இருந்தன. பெரும்பாலோர் அத்துடன் கிதாபை மூடி வைத்துவிடுவர். அவரோ மணவாழ்வை நாடாது மேலும் கற்கப் புறப்பட்டார்.

கீழக்கரையில் தைக்கா சாகிபு என்று போற்றப்பட்ட ஷெய்கு அப்துல் காதிர் லெப்பை ஆலிம் (ரஹ்) அவர்களிடம் சென்று மாணவராக அமர்ந்தார். பின்னர் 1813-ஆம் ஆண்டில் திருச்சிராப்பள்ளி சென்று, மௌலவி ஷாம் சாகிபு (ரஹ்) அவர்களிடம் ஞானவழியில் தீட்சை பெற்றார். ஒரு சிறப்பைப் பெற்றவர், அது தமக்கு இல்லாதது போலவே அடுத்த ஆசானின் முன் பணிந்து நின்றார் என்பதை நீங்கள் கருதிப் பார்க்க வேண்டும்.

இது நபிமார்களின் வழியும் ஆகும். வேதம் அருளப்பெற்ற மூஸா (அலை) அவர்கள், தம்மிடம் இல்லாத அறிவைப் பெற்ற ஓர் இறையடியாரைத் தேடி, களைப்பையும் பசியையும் பொருட்படுத்தாது நெடும்பயணம் சென்ற வரலாற்றைத் திருமறையின் 18-ஆம் அத்தியாயமாகிய கஹ்பில் காண்கிறோம். இறைத்தூதருக்கே கற்க வேண்டியது எஞ்சியிருந்ததென்றால், நமக்கு எவ்வளவு எஞ்சியிருக்கும்!

ஆசான்களிடம் கேட்டதோடும் அவர் நின்றுவிடவில்லை. சிக்கந்தர் மலை என்றும் வழங்கும் திருப்பரங்குன்றத்தில் 40 நாட்கள் கல்வத் எனப்படும் தனிமைத் தவத்தில் இருந்தார். அதன்பின் காடுகளிலும் மலைகளிலும் பல காலம் திரிந்து தம் உள்ளத்தைப் பண்படுத்தினார். செவியால் கேட்ட அறிவு அமலாக மாறி, அமல் அனுபவமாகக் கனிய வேண்டும். ஷரீஅத், தரீக்கத், ஹகீகத், மஃரிபத் என்று ஞானிகள் படிகளை வகுத்ததன் கருத்தும் இதுவே. முதற்படியை இடித்துவிட்டு நான்காம் படியில் நிற்பவர் எவருமில்லை.

தமிழிலும் அவர் மாணவராகவே இருந்தார். தாயுமானவர் கையாண்ட கண்ணி என்னும் ஈரடிப் பாட்டு வகையை உளமாரப் பயின்று, பராபரக்கண்ணி, நிராமயக்கண்ணி, ரகுமான் கண்ணி முதலியவற்றைப் பாடினார். பக்தாதில் அடங்கிய மகான் அப்துல் காதிர் ஜீலானி (ரஹ்) அவர்கள்மீது முகியித்தீன் சதகம் இயற்றினார். அரபுக் கல்வியும் தமிழ்க் கல்வியும் அவரிடம் ஒன்றையொன்று தள்ளவில்லை. இரண்டும் ஒரே வாயிலிருந்து இசையாக வெளிப்பட்டன.

இவ்வாறு பழுத்த பின்னரே அவர் சென்னைக்கு வந்தார். இன்று துறைமுகமும் இரயில் பாதையும் நெருக்கும் இராயபுரம் அன்று முட்புதரும் மூங்கிலும் அடர்ந்த இடமாயிருந்தது. அங்கு இரயில் நிலையம் திறக்கப்பட்டதே அவர் மறைந்து 18 ஆண்டுகள் கழித்து, 1856-இல்தான். அப்புதர்களிடையே அமர்ந்திருந்தவரை மக்கள் தேடி வந்தனர். முஸ்லிம்கள் மட்டுமல்லர், இந்துப் பெருமக்களும் அவரைக் குருவாக ஏற்றனர். திருத்தணிகைச் சரவணப்பெருமாள் ஐயர் அவர்மீது நான்மணிமாலை பாடினார். தொண்டியார் வாழ்ந்த பேட்டையே தண்டையார்பேட்டை ஆயிற்று என்று சொல்வோரும் உளர். 1838-இல் அவர் இறையடி சேர்ந்து, இராயபுரத்திலேயே நல்லடக்கம் செய்யப்பெற்றார்.

அன்பர்களே! எண்ணூரிலும் திருவொற்றியூரிலும் ஆலைகளில் பணிபுரிவோர் இந்த உண்மையை நன்கறிவர். பயிற்சிச் சான்றிதழுடன் ஓர் இளைஞன் பட்டறைக்குள் நுழைகிறான். இயந்திரத்தின் ஓசையைக் கேட்டே அதன் பழுதை அறியும் திறன் அச்சான்றிதழில் இல்லை. மூத்த தொழிலாளியின் அருகில் நின்று, கேட்டு, பிழைத்து, திருத்தி, ஆண்டுகள் பல சென்றபின் அது கைவருகிறது. எல்லாம் அறிந்துவிட்டேன் என்று அவன் எண்ணும் நாளிலேயே அவன் கை பின்தங்கத் தொடங்குகிறது. உலகத் தொழிலுக்கே இந்த நியதி என்றால், மறுமைக்குரிய மார்க்கத்தைச் சிறுவயதில் மக்தபில் ஓதியதோடு முடித்துக்கொள்வது எவ்வாறு தகும்?

சனது பெற்ற ஆலிம்களாகிய எங்களுக்கும் இதுவே பாடம். ஆகவே, இந்த ஜும்ஆ நாளில் ஒரு நிய்யத் வையுங்கள். தொழுகையில் அன்றாடம் ஓதும் ஒரு சூராவின் பொருளை, அறிந்தவர் ஒருவரிடம் சென்று கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள். அவர் உங்களைவிட இளையவராயினும் தயங்காதீர்கள்.

கற்றதைக் கொண்டு செருக்கடையாமல், கபுறு வரை கற்கும் பாக்கியத்தை அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.