இலையின் மூச்சை எழுதவைத்த மேதை

புதுச்சேரி தாவரவியல் பூங்கா 1826-ல் அமைந்தது. உச்சி வெயிலிலும் அங்கே மர நிழலில் உட்கார்ந்தால் உடல் குளிரும். அந்த நேரத்தில் தலைக்கு மேலே இலைகள் சும்மா இருப்பதில்லை.

ஒவ்வோர் இலையிலும் கண்ணுக்குத் தெரியாத ஏராளமான துளைகள் உண்டு. அவற்றின் வழியே காற்றிலுள்ள கரியமில வாயு உள்ளே போகிறது. வெயிலின் துணையோடு இலை உணவு சமைக்கிறது. பிராணவாயு வெளியே வருகிறது.

ஓசையின்றி நடக்கும் இந்த வேலையைக் கருவி வைத்து எழுதவைத்தார் ஓர் இந்தியர். அவர்தான் ஜகதீச சந்திர போஸ்.

சம்பளம் தொடாத ஆசிரியர்

போஸ் 1858 நவம்பர் 30-ந் தேதி வங்காளத்தில் பிறந்தார். தந்தை அரசாங்க அதிகாரி. ஆனாலும் மகனை முதலில் ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்பவில்லை. தாய்மொழிப் பள்ளியில் சேர்த்தார். அங்கே மீனவர் மகனோடு சேர்ந்து உட்கார்ந்து படித்தான் சிறுவன்.

இங்கிலாந்தில் படித்துத் திரும்பிய போஸ், 1885-ல் கல்கத்தா மாநிலக் கல்லூரியில் ஆசிரியர் ஆனார். வெள்ளையருக்கு ஒரு சம்பளம், இந்தியருக்கு அதைவிடக் குறைந்த சம்பளம் என்பது அன்றைய வழக்கம். போஸ் சண்டை போடவில்லை. வேலையை ஒழுங்காகச் செய்தார். சம்பளத்தை மட்டும் தொடவில்லை. தந்தைக்குக் கடன் இருந்தது. வீட்டில் கஷ்டம். இப்படியே மூன்று ஆண்டுகள் சென்றன. கடைசியில் அரசாங்கம் இறங்கி வந்தது. முழுச் சம்பளமும் பாக்கியோடு கைக்கு வந்தது.

மறுத்தனர் அறிஞர்கள்

பிறகு அவர் கவனம் செடிகள்மேல் திரும்பியது. 1901-ல் லண்டன் ராயல் சங்கத்தில் தம் ஆராய்ச்சியை விளக்கினார். பெரிய அறிஞர்கள் சிலர் மறுத்தனர். கட்டுரை அச்சேறவில்லை. போஸ் மனம் தளரவில்லை. செடியே சாட்சி சொல்லட்டும் என்று புதுப் புதுக் கருவிகள் செய்தார். 1920-ல் அதே சங்கம் அவரை உறுப்பினராக ஏற்றது.

குமிழி எழுதிய கணக்கு

குளத்தில் வளரும் வேலம்பாசியைக் கண்ணாடிப் புட்டியில் நீரோடு வைத்தார். வெயில் பட்டதும் பாசியிலிருந்து பிராணவாயு குமிழி குமிழியாக வந்தது. ஒவ்வொரு குமிழியும் வெளியேறும்போது மின்சாரம் பாய்ந்து, சுழலும் உருளையில் ஒரு கோடு விழுந்தது. வெளிச்சம் மிகுந்தால் கோடுகள் நெருங்கின, குறைந்தால் விலகின. இலை உழைத்த கணக்கை இலையே எழுதியது!

கோடைப் பாசி வேறு வழியில் உணவு தேடுகிறது என்பதையும் போஸ் கண்டார். 1924-ல் இவற்றை நூலாக வெளியிட்டார். அவருடைய கருத்துகள் எல்லாவற்றையும் உலகம் ஏற்கவில்லை. ஆனால் வேலம்பாசியின் கோடைக்கால வழக்கத்தைப் பிற்கால விஞ்ஞானிகளும் கண்டறிந்தனர்.

பாரதியும் போஸும்

1917-ல் தம் பிறந்த நாளன்று கல்கத்தாவில் ஆராய்ச்சிக் கழகம் ஒன்றைத் தொடங்கினார் போஸ். அப்போது பாரதியார் புதுச்சேரியில் வாழ்ந்து வந்தார். போஸின் உரையைத் தமிழில் பெயர்த்துத் தமிழருக்குத் தந்தவர் அவர்.

1937 நவம்பரில் போஸ் மறைந்தார். வெயில் நேரத்தில் குளத்துப் பாசியிலிருந்து குமிழிகள் இன்றும் எழுகின்றன. அவற்றை ஒவ்வொன்றாக எண்ண வழி கண்டவர், நியாயமில்லாத சம்பளத்தைக் கையால் தொடாத அந்த ஆசிரியர்தான்.