கோடு போட்டுக் காட்டிய இன்ஜினியர் – ஹென்றி கான்ட்



தொழில் மேலாண்மை பேப்பரில் 'கான்ட் சார்ட் வரைக' என்று கேள்வி வந்துவிட்டால் நமக்கெல்லாம் கொண்டாட்டம்தான். ஸ்கேலும் பென்சிலும் இருந்தால் போதும். இடப்பக்கம் வேலைகளின் பெயர், மேலே நாட்கள், நடுவில் பட்டை பட்டையாகக் கோடு. முழு மார்க்! ஆனால் 'கான்ட்' என்பது ஒரு மனிதரின் பெயர் என்பதே நம்மில் பாதிப் பேருக்குத் தெரியாது. என் பக்கத்து பெஞ்சு நண்பன் அது ஏதோ இங்கிலீஷ் வார்த்தையின் சுருக்கம் என்று நான்காவது செமஸ்டர் வரை அடித்துச் சொல்லிக் கொண்டிருந்தான். அவனுக்காகவும் நமக்காகவும்தான் இந்தக் கட்டுரை.

ஹென்றி லாரன்ஸ் கான்ட் 1861-ஆம் ஆண்டு மே 20-ஆம் தேதி அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில், கால்வெர்ட் கவுன்டி என்ற பகுதியில் பிறந்தார். வசதியான பண்ணைக் குடும்பம். அந்த வசதி எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். பண்ணையில் உழைத்தவர்கள் அடிமைகள். விலைக்கு வாங்கி, விலைக்கு விற்கப்பட்ட கறுப்பின மக்கள். கான்ட் பிறந்த அதே ஆண்டில்தான் அமெரிக்க உள்நாட்டுப் போர் தொடங்கியது. 1864-இல் மேரிலாந்தில் அடிமை முறை சட்டப்படி ஒழிக்கப்பட்டது. 1865-இல் போர் முடிந்தபோது கான்ட் குடும்பத்தின் வசதியும் முடிந்து போயிருந்தது.

பையன் படித்தது மெக்டோனோ பள்ளியில். பால்டிமோர் நகருக்குப் பக்கத்தில், ஏழைப் பையன்களுக்காக 1873-இல் தொடங்கப்பட்ட பள்ளி அது. நேற்று வரை பண்ணைக்காரர் வீட்டுப் பிள்ளை, இன்றைக்குத் தர்மப் பள்ளி மாணவன்! அங்கே 1878-இல் படிப்பை முடித்து, 1880-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கினார். சில காலம் தான் படித்த பள்ளியிலேயே வாத்தியார் வேலை. பிறகு ஸ்டீவன்ஸ் தொழில்நுட்பக் கல்லூரியில் சேர்ந்து 1884-இல் மெக்கானிக்கல் இன்ஜினியர் ஆனார். பால்டிமோரில் டிராஃப்ட்ஸ்மேனாகவும் இருந்திருக்கிறார். நம்ம ஆளுதான் என்று நமக்குச் சந்தோஷம்!

1887-இல் பிலடெல்பியாவில் மிட்வேல் ஸ்டீல் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கேதான் பிரெடரிக் டெய்லரைச் சந்தித்தார். அறிவியல் மேலாண்மையின் தந்தை என்று நம்ம புத்தகத்தில் போட்டோவோடு வருவாரே, அவர்தான். டெய்லர் கையில் ஸ்டாப்வாட்ச் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வேலைக்கும் எத்தனை நிமிஷம் ஆகிறது என்று அளந்து கொண்டிருந்த காலம் அது. கான்ட்டுக்கு கணக்கு நன்றாக வரும். இருவரும் சேர்ந்து பல வருஷம் உழைத்தார்கள்; கூட்டாகக் காப்புரிமைகளும் வாங்கினார்கள்.

1890-களின் கடைசியில் பெத்லஹேம் ஸ்டீல் கம்பெனிக்கு முதலில் டெய்லரும் பின்னால் கான்ட்டும் போனார்கள். மெக்கானிக்கல் பசங்களுக்கு அந்தக் கம்பெனி முக்கியம். ஹை ஸ்பீடு ஸ்டீல் டூல் அங்கேதான் உருவானது. ஸ்பீடு என்ன, ஃபீடு என்ன, டெப்த் ஆஃப் கட் எவ்வளவு என்பதை லேத்துக்குப் பக்கத்திலேயே கண்டுபிடிக்க ஒரு ஸ்லைடு ரூல் செய்தார்கள். கார்ல் பார்த் என்ற கணித நிபுணரோடு கான்ட்டுக்கும் அதில் பங்கு உண்டு.

கூலி விஷயத்தில்தான் கான்ட் தன் குருவை விட்டு விலக ஆரம்பித்தார். டெய்லரின் முறை என்னன்னா, சொன்ன எண்ணிக்கையை முடித்தால் ஒவ்வொரு பீசுக்கும் அதிக ரேட். முடிக்கவில்லை என்றால் எல்லா பீசுக்கும் குறைந்த ரேட். அதாவது கொஞ்சம் குறைந்தாலும் அன்றைய கூலியில் பெரிய அடி. 1901-இல் கான்ட் பெத்லஹேமில் வேறொரு முறையைக் கொண்டு வந்தார். நாள் கூலி நிச்சயம். அதை யாரும் தொட முடியாது. அன்றைக்குக் கொடுத்த வேலையை முடித்தால் அதற்கு மேல் போனஸ். அதோடு இன்னொன்றும் சேர்த்தார். தன் கீழே இருக்கும் தொழிலாளி ஒவ்வொருவர் போனஸ் வாங்கும்போதும் ஃபோர்மேனுக்கும் ஒரு சிறு தொகை. எல்லாருமே வாங்கிவிட்டால் கூடுதல் தொகை. விரட்டுவதற்கு மட்டுமே ஆளாக இருந்த ஃபோர்மேன், வேலை வராதவனுக்குச் சொல்லிக் கொடுத்தால்தான் தனக்கும் காசு என்ற நிலை வந்தது. இது பெரிய மாற்றம் என்றே நான் நினைக்கிறேன்.

இந்த முறைக்கு அவர் வைத்த பெயரில் 'டாஸ்க்' என்ற சொல் இருந்தது. அடிமைப் பண்ணைகளில் ஒரு ஆளுக்கு இவ்வளவு வேலை என்று அளந்து கொடுத்ததற்கும் அதே பெயர்தான். பலருக்கு அந்தச் சொல் பிடிக்காது என்று கான்ட்டுக்கே தெரியும், எழுதியும் இருக்கிறார். இருந்தும் அதை விடவில்லை. அடிமை வைத்திருந்த வீட்டில் பிறந்தவர் அந்தச் சொல்லைக் கொஞ்சம் யோசித்திருக்கலாம். பரம்பரையாக அடுத்தவர் அளந்து கொடுத்த வேலையைச் செய்த வீட்டிலிருந்து வந்தவன் என்பதால் எனக்கு இது உறுத்துகிறது. அவருடைய வேலை அளவும் நேரம் பார்த்துத்தான் குறிக்கப்பட்டது என்பதையும் மறைக்கக் கூடாது. ஸ்டாப்வாட்ச்சைத் தொழிலாளர்கள் வெறுத்தார்கள். 1911-இல் வாட்டர்டவுன் அரசு ஆயுதத் தொழிற்சாலையில் டெய்லர் முறையை எதிர்த்து வேலைநிறுத்தமே நடந்தது.

சரி, சார்ட்டுக்கு வருவோம். முதலில் கான்ட் வரைந்தது நாம் வரையும் சார்ட் கிடையாது. தொழிலாளியின் பெயருக்கு நேரே நாள்தோறும் ஒரு குறி: போனஸ் வாங்கிய நாள் கறுப்பு, வாங்காத நாள் சிவப்பு. ஆள் வாரியாகத் தினமும் போட்டுக்கொண்டே போவார்கள். 1903-இல் அமெரிக்க மெக்கானிக்கல் இன்ஜினியர்கள் சங்கத்தில் அவர் படித்த கட்டுரையிலும், தினமும் எவ்வளவு முடிந்தது, எவ்வளவு பாக்கி என்று காட்டும் அட்டவணைகள்தான் இருந்தன.

சிவப்பு நிறையச் சேர்ந்த இடங்களில் ஏன் என்று விசாரித்தால்தான் விஷயம் வெளியே வந்தது. ஆள் சோம்பேறி என்பது ஒரு காரணம். ஆனால் மெட்டீரியல் வரவில்லை, டூல் தீட்டப்படவில்லை, மெஷின் ரிப்பேர், என்ன செய்வது என்று யாரும் சொல்லவில்லை – இப்படியும் காரணங்கள். இதெல்லாம் யார் வேலை? மேலே உட்கார்ந்திருப்பவர்கள் வேலை! தொழிலாளியை அளக்க ஆரம்பித்த சார்ட் கடைசியில் மேனேஜரை அளந்துவிட்டது. கான்ட்டின் வாழ்க்கையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

1915-இல் இதையே கணக்கு வழக்கிலும் கொண்டு வந்தார். ஒரு உதாரணம் போட்டுப் பார்ப்போம். பத்து மெஷின் உள்ள பட்டறைக்கு மாத வாடகை 10,000 ரூபாய். ஆனால் ஐந்து மெஷின்தான் ஓடுகிறது. சாதாரணக் கணக்கர் என்ன செய்வார்? மொத்த 10,000-ஐயும் அந்த ஐந்து மெஷின் செய்த பொருளின் மேல் ஏற்றுவார். விலை ஏறும், ஆர்டர் குறையும், கடைசியில் கூலியைக் குறை என்பார்கள். கான்ட் சொன்னது வேறு. பொருளின் மேல் 5,000 மட்டும்தான் ஏற்ற வேண்டும். மீதி 5,000 சும்மா நின்ற மெஷின்களின் செலவு. அதைத் தனியாக எழுது. ஏன் நின்றது என்று முதலாளி பதில் சொல்லட்டும் என்றார். சும்மா நின்ற நேரத்துக்கும் ஒரு விலை உண்டு, அதைச் செய்த பொருளுக்குள் ஒளித்து வைக்காதே என்பதுதான் அவர் வாதம்.

எங்க அப்பா ஒரு சின்னப் பட்டறையில் ஹெல்ப்பர். ராடு வராத நாளில் மதியமே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அரை நாள் கூலி போச்சு. ராடு வாங்க மறந்தவருக்கு ஒன்றும் குறையாது. 1915-இல் அமெரிக்காவில் ஒருத்தர் எழுதிய கணக்கு இங்கே ஏன் இன்னும் வந்து சேரவில்லை என்று இதைப் படிக்கும்போது தோன்றியது.

1917-இல் அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கியது. கான்ட் பிலடெல்பியாவில் உள்ள ஃபிராங்க்ஃபோர்டு ஆயுதத் தொழிற்சாலைக்கு ஆலோசகராகப் போனார். பிறகு கப்பல் கட்டும் பணிகளுக்கும் உதவினார். ஆயிரக்கணக்கான ஆர்டர்கள், கட்டுக்கட்டாக அறிக்கைகள். எது முடிந்தது, எது பின்தங்கியது என்று பார்த்தவுடன் தெரிய வேண்டும். நாம் இன்று வரையும் பட்டைச் சார்ட் அப்போதுதான் முழு வடிவம் பெற்றது.

அந்த மூல சார்ட்டில் ஒரு நுணுக்கம் உண்டு. நம்ம பாடத்தில் இது விட்டுப் போச்சு. ஒவ்வொரு நாள் கட்டமும் ஒரே அகலம்தான். ஆனால் அந்த அகலம் அன்றைய திட்ட எண்ணிக்கையையும் குறிக்கும். திங்கட்கிழமை திட்டம் 100, முடிந்தது 75 என்றால் மெல்லிய கோடு முக்கால் கட்டம் வரை போகும். செவ்வாய் திட்டம் 120, முடிந்தது 60 என்றால் அரைக் கட்டம். கீழே தடித்த கோடு ஒன்று, மொத்தம் முடிந்ததைத் திட்டத்தோடு சேர்த்துக் காட்டும். இரண்டு நாளில் முடிந்தது 135. அதில் 100 திங்கள் கட்டத்தை நிரப்பிவிடும். மீதி 35, செவ்வாய் கட்டத்தில் கால் பங்கைச் சற்றே தாண்டி நிற்கும். சார்ட்டின் மேலே இன்றைய தேதிக்கு ஒரு குறி. தடித்த கோடு அந்தக் குறியைத் தொடவில்லை என்றால் வேலை பின்தங்கியிருக்கிறது. படிக்கத் தெரியாதவரும் கண்டுபிடித்துவிடலாம்! மெஷின் சார்ட்டில் கோடு விடுபட்ட இடத்தில் காரணத்துக்கு ஓர் எழுத்து போடுவார்கள். மெட்டீரியலுக்கு 'எம்', ரிப்பேருக்கு 'ஆர்', டூலுக்கு 'டி'.

ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்கு அம்புக்குறி போடுகிறோமே, அது கான்ட் சார்ட்டில் கிடையாது. பின்னால் வந்தவர்கள் சேர்த்தது. அதே சமயம், போலந்துக்காரரான கரோல் அடமியேக்கி என்ற இன்ஜினியர் 1896-லேயே இதே போன்ற ஒரு சார்ட்டை உருவாக்கி, எந்த வேலைக்குப் பின் எந்த வேலை என்பதையும் அதில் காட்டியிருந்தார். அவர் எழுதியது ஆங்கிலத்தில் வராததால் பெயர் கான்ட்டுக்குப் போய்விட்டது. மொழி செய்யும் வேலையைப் பாருங்கள்!

1919 நவம்பர் 23-ஆம் தேதி, 58 வயதில் கான்ட் இறந்தார். தொழில் லாபத்துக்காக மட்டும் அல்ல, சமூகத்துக்குச் சேவை செய்யவும்தான் என்று வாதாடும் அவருடைய கடைசிப் புத்தகம் அதே வருஷம்தான் வந்தது. அவருடன் வேலை செய்த வாலஸ் கிளார்க் 1922-இல் சார்ட்டைப் பற்றித் தனிப் புத்தகமே எழுதினார். அது பல மொழிகளுக்குப் போனது. இன்னொரு சீடரான வால்டர் பொலகோவ் 1929-இல் சோவியத் நாட்டுக்கே போய் இதைச் சொல்லிக் கொடுத்தார். முதலாளி நாடு, பொதுவுடைமை நாடு என்ற பேதம் கோட்டுக்கு இல்லை போலும்.

நம்ம லேபுக்கு வருவோம். ஃப்ரெப்பிள் என்ற ஓப்பன் சோர்ஸ் உற்பத்தித் திட்ட மென்பொருளை எங்கள் பேட்ச் ப்ராஜெக்ட்டுக்கு எடுத்துக் கொண்டோம். காசு கொடுக்க வேண்டாம், அதுவே பெரிய வசதி. பொருள், இடம், ஆபரேஷன், ரிசோர்ஸ், இருப்பு, ஆர்டர் என்று நம்ம பட்டறையை ஒவ்வொரு அட்டவணையாக அதற்குச் சொல்ல வேண்டும். நாங்கள் கொடுத்தது 120 ஷாஃப்ட் ஆர்டர். லேத்தில் ஒன்றுக்கு 12 நிமிஷம், டிரில்லிங் 5, கிரைண்டிங் 8. மெஷின் ஒவ்வொன்றும் ஒன்றே ஒன்று. லேத்துக்கு மட்டும் 24 மணி நேரம், அதாவது மூன்று ஷிஃப்ட். டிரில்லிங் 10 மணி, கிரைண்டிங் 16 மணி. கிரைண்டிங்கை வேகப்படுத்தினாலும் ஆர்டர் பெரிதாக முன்னே வராது, லேத்துதான் கழுத்தைப் பிடிக்கிறது என்பது தெரிந்துவிடும். ராடு ஒரு நாள் தாமதம் என்று மாற்றினால் அடுத்த திட்டத்தில் எல்லாமே தள்ளிப் போகிறது. ரிசோர்ஸ் அளவைக் கணக்கில் எடுக்காமலும் திட்டம் போடச் சொல்லலாம். அப்படிப் போட்டால் எல்லாம் நேரத்துக்கு முடிவது போல அழகாக வரும். ஆனால் ஒரே லேத் ஒரே நேரத்தில் இரண்டு ஷாஃப்ட் கடைய வேண்டியிருக்கும்!

இதெல்லாம் நடக்கப் போவதைப் பற்றிய கணக்கு. நடந்ததையும் நடக்காததன் காரணத்தையும் நாம்தான் போட்டாக வேண்டும். அதற்காக எங்கள் வொர்க்‌ஷாப்பில் இரண்டு வாரம் லேத்துக்குப் பக்கத்தில் ஒரு தாள் ஒட்டி, நின்ற ஒவ்வொரு முறையும் கான்ட் முறைப்படி எழுத்து போட்டோம். அதிகம் வந்தது 'எம்', அடுத்தது 'டி'. ஆள் வராததால் நின்றது மொத்தமே இரண்டு முறைதான். தாளைப் பார்த்த வொர்க்‌ஷாப் சார் ஒன்றும் சொல்லவில்லை, ஸ்டோர் சாவியை மட்டும் காலை எட்டு மணிக்கே திறந்து வைக்க ஆரம்பித்தார்.

அந்தத் தாளின் நகலும் ஃப்ரெப்பிள் ஃபைலும் கேட் லேபில் மூன்றாவது கம்ப்யூட்டரில் இருக்கின்றன. அடுத்த பேட்ச் தம்பிகள், தங்கைகள் எடுத்துக்கொள்ளலாம். மில்லிங் செக்‌ஷனுக்கு இன்னும் யாரும் தாள் ஒட்டவில்லை.